மரம் வாங்கும் இரு நாடுகள்



மேடைப் பேச்சிலே இறக்குமதிக் கணக்கு ஒரு வாளாகச் சுழற்றப்படுவதை நீங்கள் அறிவீர்கள். "அந்நியச் சரக்கு வந்து குவிகிறது, காணீர்!" என்று ஒருவர் அதை ஓங்குவார். "எம் ஆட்சியிலே அது குறைந்தது, காணீர்!" என்று மற்றொருவர் அதையே கேடயமாகப் பிடிப்பார். எண் ஒன்றுதான், ஏந்துகின்ற கைதான் வேறு. இப்படிப்பட்ட எண்களை எவ்விதம் படிப்பது என்று படிப்பகத் தோழர்கள் கேட்டார்கள். பொதுவாகப் பேசினால் பேச்சு புகையாய்ப் போய்விடும். ஆகவே ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொண்டேன்: மென்மரப் பலகை. அதை நெடுங்காலமாக வாங்கிவரும் இரு நாடுகளை எடுத்துக்கொண்டேன்: அமெரிக்க ஐக்கிய நாடும் ஜப்பானும். ஏன் இத்தனை தொலைவு போகவேண்டும் என்பீர்கள். தொலைவிலே நடக்கும் சண்டையைப் பார்க்கையில் நமது கோபம் குறுக்கே வந்து நிற்பதில்லை. கணக்கு தெளிவாகத் தெரியும்.

மென்மரம் என்பது ஊசியிலை மரங்களின் மரம். பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், ஹெம்லாக் என்பன அவற்றின் பெயர்கள். தேக்கும் வேங்கையும் கருங்காலியும் பழகிய நமது தச்சர்கள் அதைக் கண்டால் சற்று இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். நியூசிலாந்திலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் பைன் தடி நம் நாட்டில் பெரும்பாலும் பெட்டி செய்யத்தான் போகிறது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீட்டின் எலும்புக்கூடே இந்த மரம்தான். தூண், சட்டம், உத்திரம், கைமரம் அனைத்தும் அதுவே. எனவே அந்நாடுகளின் மென்மர இறக்குமதிக் கணக்கு வெறும் வாணிபக் கணக்கன்று. எத்தனை குடும்பங்களுக்குக் கூரை எழும்பியது என்ற கணக்கும் அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. இதை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அமெரிக்கா. மரம் இல்லாத நாடா அது? இல்லவே இல்லை. காடு மண்டிய கண்டத்தின் நடுப்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, வடக்கே உள்ள கனடாவிடம் மரம் வாங்குகிறது. வாங்கிக்கொண்டே அந்த மரத்தின்மேல் வழக்கும் தொடுக்கிறது. இந்த வழக்கு நேற்று முளைத்ததன்று. 1854-ஆம் ஆண்டின் பரிமாற்ற உடன்படிக்கை கனடாவின் மரத்தைத் தீர்வை இல்லாமல் உள்ளே விட்டது. 1866-இல் அந்த உடன்படிக்கை முறிந்தது. 1897-இல் டிங்லி தீர்வைச் சட்டம் வந்து, ஆயிரம் பலகை அடிக்கு 2 டாலர் என்று வரி போட்டது. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் உள்ள துண்டே ஒரு பலகை அடி.

அப்போது நடந்தது சுவையானது. மிச்சிகன் மாநிலத்தின் வெள்ளைப் பைன் காடுகளை ஒட்ட வெட்டித் தீர்த்துவிட்ட மர முதலாளிகள், அக்கரையில் கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்துத் தடிகளை ஹியூரான் ஏரியின் வழியே மிதக்கவிட்டு இழுத்துவந்து, இக்கரையில் அறுத்துக்கொண்டிருந்தனர். அறுத்த பலகைக்கு வரி; தடிக்கு வரி இல்லை. அதாவது "உன் மரம் வரட்டும், உன் தொழிலாளியின் உழைப்பு வரவேண்டாம்" என்பது அச்சட்டத்தின் உட்பொருள். ஆன்டாரியோ அரசு 1898-இல் பதில் கொடுத்தது: அரசு நிலத்தில் வெட்டிய பைன் தடியைக் கனடாவிலேயே அறுக்கவேண்டும். விளைவு, மிச்சிகன் ஆலைகள் சில மூட்டை கட்டிக்கொண்டு ஏரியைக் கடந்து ஆன்டாரியோவுக்கே குடிபோயின. தீர்வை போட்டவனின் ஆலையே தீர்வைக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டது!

இருபதாம் நூற்றாண்டின் நடுவரை கனடாவின் பங்கு சிறியதாகவே இருந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. அமெரிக்கா பயன்படுத்திய மென்மரப் பலகையில் கனடாவின் பங்கு 1970-களின் நடுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. 1980-களின் நடுவில் மூன்றில் ஒன்று. இந்த ஏற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை அமெரிக்க மர முதலாளிகள் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு கொண்டுபோனால் அமெரிக்கக் கப்பலில்தான் கொண்டுபோகவேண்டும் என்று 1920-ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் கட்டளையிடுகிறது. அந்தக் கப்பலுக்குக் கூலி அதிகம். ஆரிகன் மாநிலத்தின் பலகை கீழைக்கரைக்குப் போக வேண்டுமானால் அந்தக் கூலியைக் கொடுத்தாகவேண்டும். பக்கத்திலேயே உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவின் பலகைக்கோ எந்நாட்டுக் கப்பலும் ஏற்றதே. தம் நாட்டுச் சட்டமே அயலானுக்கு வழி திறந்துவிட்டது, பழியோ அயலான்மேல்.

1982-இல் வழக்கு பிறந்தது. கனடாவில் காடு பெரும்பாலும் மாகாண அரசுகளின் உடைமை. நிற்கும் மரத்துக்கு அரசே விலை குறிக்கிறது. அமெரிக்காவில் காட்டின் பெரும்பகுதி தனியார் கையில். அங்கே ஏலம் விலை குறிக்கிறது. "உங்கள் அரசு குறிக்கும் விலை குறைவு, அது மானியம்" என்பது குற்றச்சாட்டு. முதல் வழக்கில் மானியம் இல்லை என்று 1983-இல் அமெரிக்க வாணிபத்துறையே சொல்லிற்று. மூன்றே ஆண்டில், 1986-இல், அதே துறை நூற்றுக்கு 15 அளவுக்கு மானியம் உண்டு என்றது. காடு மாறவில்லை, கணக்கெழுதும் முறை மாறியது. கனடா என்ன செய்தது? "வரி கட்டத்தான் வேண்டுமென்றால் அந்தப் பணம் எங்கள் கருவூலத்திலேயே விழட்டும்" என்று, தன் ஏற்றுமதிக்குத் தானே நூற்றுக்கு 15 வரி போட்டுக்கொண்டது! பின்னர் 1996-இல் ஓர் ஒப்பந்தம்: ஆண்டுக்கு 1,470 கோடி பலகை அடி வரை கட்டணமில்லை, அதற்குமேல் கட்டணம். அது 2001-இல் முடிந்தது. அடுத்த ஆண்டே நூற்றுக்கு 27 அளவில் தீர்வை. 2006-இல் மறுபடி சமாதானம்.

அந்தச் சமாதானத்தில் பணம் பிரிந்த விதத்தைக் கேளுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வசூலான தீர்வை 500 கோடி டாலருக்கு மேல். அதில் 400 கோடி போலக் கனடிய ஆலைகளுக்குத் திரும்பிற்று. ஏறத்தாழ 100 கோடி அமெரிக்காவிலேயே தங்கிற்று; தங்கியதிலே பாதி, வழக்குத் தொடுத்த மரத்தொழில் முதலாளிகளின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டுகளிலெல்லாம் கூடுதல் விலை கொடுத்து வீடு கட்டியவன் யார்? அமெரிக்கக் குடிமகன். அவனுக்குத் திரும்பியது ஒன்றுமில்லை.

இனி எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவில் 2005-இல் தொடங்கப்பட்ட வீடுகள் 20 லட்சத்துக்கு மேல். 2009-இல் 5 லட்சத்து 54 ஆயிரம். மென்மர இறக்குமதியும் கூடவே சரிந்து பாதிக்கும் கீழே போயிற்று. சமாதான ஒப்பந்தம் நடப்பிலிருந்த காலத்திலே இந்தச் சரிவு! தீர்வை இல்லாத காலத்தில் ஏறியதும் உண்டு, தீர்வை கனத்த 2002 முதல் 2005 வரை வீடு பெருகியதால் ஏறியதும் உண்டு. இறக்குமதிக் கோட்டைப் பிடித்து இழுத்தது வீடு கட்டும் கொத்தும் கொல்லுருவும்தான். சட்டப் புத்தகம் அதன் பின்னாலே ஓடிற்று.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அப்படிப்பட்ட நாடு மரத்துக்கு ஏன் வெளியே கையேந்திற்று? போர்க்காலத்திலும் போருக்குப் பின்னரும் காட்டை வெட்டித் தீர்த்தார்கள். மொட்டை மலையில் மழை பெய்து வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது. பின்பு நாடெங்கும் மரம் நட்டார்கள். 1950-இல் அதற்கென்றே ஆண்டு விழாவும் தொடங்கினார்கள். அகன்ற இலைக் காடுகளையும் அகற்றிவிட்டுச் சுகி, ஹினோக்கி என்னும் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று அந்த நாட்டின் நடுகாடு ஏறத்தாழ 1 கோடி ஹெக்டேர். ஆனால் நட்ட கன்று மறுநாள் உத்திரம் ஆகுமா? நாற்பது ஐம்பது ஆண்டு ஆகும். எரிந்த நகரங்களோ உடனே வீடு கேட்டன. 1964-இல் மர இறக்குமதிக்கு இருந்த தடைகள் முற்றும் நீங்கின.

எங்கிருந்து வந்தது மரம்? இங்கேதான் இரு நாடுகளின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. 1962 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவின் மேலைக்கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களை மையமாகக் கொண்டு 1,100 கோடி பலகை அடி மரம் சாய்ந்தது. உளுத்துப் போகுமுன் விற்றாக வேண்டும். வாங்க ஜப்பான் காத்திருந்தது. தடிகள் கப்பலேறின. புயல் மரம் தீர்ந்தபின்னும் ஏற்றுமதி நிற்கவில்லை, வளர்ந்தது. கரையோர ஆலைத் தொழிலாளர்கள் தம் கண்முன்னே தடி கப்பலேறக் கண்டு கொதித்தார்கள். 1968-இல் கூட்டாட்சி அரசின் காட்டுத் தடிக்கு ஏற்றுமதி வரம்பு வந்தது; 1973-இல் மேலை மாநிலங்களின் அந்தத் தடிக்கு ஏற்றுமதியே தடையாயிற்று. தனியார் நிலத்துத் தடி மட்டும் தங்குதடையின்றிப் போய்க்கொண்டே இருந்தது.

சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். மேலைக்கரைத் துறைமுகத்தில் தன் தடியைக் கடல் கடத்தி ஜப்பானுக்கு விற்கிறது அமெரிக்கா. வட எல்லையில் கனடாவின் பலகையை வாங்குகிறது; வாங்கிவிட்டு, இறக்குமதி எம் தொழிலாளியை விழுங்குகிறது என்கிறது. ஆலைக்கு வேண்டிய தடியை விற்ற கை எது? இந்தக் கேள்வி இறக்குமதிப் பட்டியலில் இல்லை. அதற்கு ஏற்றுமதிப் பட்டியலையும் பக்கத்தில் விரித்துவைக்கவேண்டும். 1990-இல் புள்ளி ஆந்தை அழியும் இனங்களின் பட்டியலில் ஏறியதும், கூட்டாட்சிக் காடுகளில் வெட்டு வெகுவாகக் குறைந்ததும் உண்மைதான். தொழிலாளியின் கோபத்தை ஆந்தையின்மேல் திருப்பிவிட்டவர்கள் உண்டு. பாவம் ஆந்தை, அது தடியைக் கப்பலில் ஏற்றவில்லை.

ஜப்பானின் கோடு எப்படிப் போயிற்று? 1955-இல் தனக்கு வேண்டிய மரத்தில் நூற்றுக்கு 96 பங்கைத் தானே வெட்டிக்கொண்ட நாடு அது. 1969-இல் அது பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1973-இல் புதிய வீடுகள் 19 லட்சம். மரத் தேவை 11 கோடியே 75 லட்சம் கனமீட்டரைத் தாண்டி உச்சம் தொட்டது. 1985-இல் நியூயார்க் நகரின் பிளாசா விடுதியில் ஐந்து வல்லரசுகள் கூடி முடிவெடுத்தபின் யென்னின் மதிப்பு ஏற ஏற, அயல் மரம் மேலும் மலிவாயிற்று. 2002-இல் சொந்த மரத்தின் பங்கு நூற்றுக்கு 18 என்ற அளவுக்கு வந்தது. 1995-இல் கோபே நகரத்து நிலநடுக்கத்தில் வீடுகள் நொறுங்கிய பிறகு, நன்கு உலர்த்திய மரமும் ஒட்டுப்பலகைச் சட்டமும் கேட்டனர் வீடு கட்டுவோர். பின்லாந்தும் சுவீடனும் ஆஸ்திரியாவும் அதை அனுப்பின. சொந்த மலைச் சுகி ஈரத்தோடு நின்றது.

ஜப்பானும் தீர்வையை அறியாத நாடன்று. தடிக்கு வரி இல்லை. ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர் கலந்த அறுத்த சட்டத்துக்கு அன்று நூற்றுக்கு 8. அதே வேலைக்கு உதவும் ஹெம்லாக் சட்டத்துக்கோ வரி இல்லை. இது ஓரவஞ்சனை என்று கனடா வாணிபத் தீர்வைப் பொது உடன்பாட்டு மன்றத்தின் முன் முறையிட்டது. 1989-இல் முறையீடு தள்ளுபடியாயிற்று. மரத்துக்கு என்ன பெயர் என்பதில்கூட ஒரு தொழிலைக் காக்கவும் கெடுக்கவும் முடியும் போலும்!

இத்தனை எண்களுக்கும் நடுவே மலைக்கிராமத்தை மறந்துவிடலாகாது. பேரப் பிள்ளைகள் வெட்டிக்கொள்வார்கள் என்று நம்பிச் சுகி நட்ட விவசாயியின் கதி என்ன? 1980-இல் நிற்கும் சுகி மரத்துக்குக் கனமீட்டருக்கு 22,000 யென்னுக்கு மேல் கிடைத்தது. 2010-களில் 3,000 யென்கூட இல்லை. வெட்டினால் கூலிக்கே கட்டவில்லை, விட்டார்கள். கிளை கழிக்கவில்லை, ஊடே நின்ற மரங்களைக் களையவில்லை. 1980-இல் காட்டுத்தொழிலாளர் 1 லட்சத்து 46 ஆயிரம் பேர். 2020-இல் 44 ஆயிரம். காடோ பெருத்தது! கவனிப்பாரற்ற சுகி ஆண்டுதோறும் வசந்தத்தில் மகரந்தத்தைக் காற்றில் தூவ, இன்று அந்நாட்டு மக்களில் பத்துக்கு நால்வர் அளவில் தும்மலும் கண்ணெரிச்சலுமாய்த் தவிக்கின்றனர்.

பிறகு 2021. கொள்ளைநோய்க் காலத்தில் வட்டி வீழ்ந்து, அமெரிக்காவில் வீடு கட்டும் வேகம் கூடிற்று. ஆயிரம் பலகை அடி 400 டாலருக்கு விற்றது, மே மாதம் 1,600-ஐத் தாண்டிற்று. உலகத்து மென்மரமெல்லாம் அங்கே திரும்பிற்று. ஐரோப்பாவின் பலகையும், ஜப்பானுக்கென்று குறித்துவைத்த பலகையும்கூட அங்கேதான். ஜப்பானியத் தச்சர் சட்டம் வராமல் கைகட்டி நின்றார். மர அதிர்ச்சி என்றே அதற்கு அந்நாட்டில் பெயரிட்டார்கள். இன்னொரு பக்கம், 2007 முதல் தடி ஏற்றுமதி வரியை உயர்த்திவந்த ரஷ்யா, 2022 தொடக்கத்தில் ஊசியிலைத் தடி ஏற்றுமதியையே தடைசெய்தது. அப்போதுதான் பலருக்குத் தம் மலையின் நினைவு வந்தது.

ஆம், ஜப்பானின் இறக்குமதி குறைந்துவருகிறது. சொந்த மரத்தின் பங்கு 2020-களில் நூற்றுக்கு 40-ஐத் தாண்டிவிட்டது. வெற்றி முரசு கொட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். 1973-இல் 19 லட்சமாக இருந்த புதிய வீடுகள் 2024-இல் 8 லட்சத்துக்கும் கீழே. மக்கள்தொகை சுருங்குகிறது, கட்டுவோர் குறைந்தால் வாங்குவதும் குறையும். மேலும், மின்னுற்பத்தி உலையில் எரிக்கும் மரத்துண்டும் இந்தக் கணக்கில் இப்போது சேர்கிறது. உத்திரமான மரமும் சாம்பலான மரமும் ஒரே எண்ணுக்குள் கைகோத்து நிற்கின்றன. இவற்றைக் கழித்துப் பார்த்தால் எஞ்சுவதும் உண்டு, மறுக்கவில்லை: ஐம்பதுகளில் நட்ட கன்று உத்திரமாகும் வயதை எட்டிவிட்டது, 2010-இல் பொதுக் கட்டடங்களை மரத்தால் கட்ட ஊக்கும் சட்டம் வந்தது, ஆலைகள் உலர்த்தக் கற்றுக்கொண்டன.

அமெரிக்கா வேறு வழியே போயிற்று. 2015-இல் ஒப்பந்தம் முடிந்தது. 2017-இல் தீர்வை திரும்பிற்று. 2025 ஆகஸ்டில் பெரும்பாலான கனடிய ஆலைகளுக்கு அது நூற்றுக்கு 35 ஆயிற்று. அக்டோபரில் மேலும் 10 சேர்ந்தது. கனடாவின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றாகச் சுருங்கியது உண்மை. தீர்வையின் வெற்றி என்பர் சிலர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பைன் காட்டை வண்டு அரித்ததை அவர்கள் சொல்வதில்லை. அங்கே அறுக்க மரம் இல்லாமலே ஆலைகள் மூடின. கனடா விட்ட இடத்தில் ஒரு பங்கை ஜெர்மனியும் சுவீடனும் பிடித்தன. எஞ்சியதை அமெரிக்கத் தென் மாநிலங்களின் பைன் ஆலைகள் பிடித்தன. அந்த ஆலைகளில் பலவற்றை வாங்கி நடத்துவோர் யாரென்று பார்த்தால், கனடாவின் பெரிய மர நிறுவனங்களே! 1898-இல் மிச்சிகன் ஆலை ஏரி கடந்து வடக்கே போயிற்று. இப்போது வடக்கத்திய முதல் தெற்கே வந்திருக்கிறது. மூலதனம் எல்லையைத் தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆலையூர்த் தொழிலாளிக்குத் தாண்ட முடியவில்லை. அவன் வேலையிழந்து அங்கேயே நிற்கிறான்.

எனது கருத்தைக் கேட்டால் சொல்வேன். மரத்தின் வயதும் வீட்டின் எண்ணிக்கையுமே இந்த இரு கோடுகளையும் வரைந்தன. தீர்வை பெரும்பாலும் பணம் எந்தப் பைக்குப் போவது என்பதைத்தான் தீர்மானித்தது. அதற்காகக் கதவை அகலத் திறந்துவைப்பதே சரி என்றும் சொல்லமாட்டேன். 1964-இல் திறந்த ஜப்பான், தன் மலைக்காரனுக்கு இடைக்காலத்தில் சோறு போட ஏற்பாடு செய்யாமல் திறந்தது. திறந்ததைவிட, திறந்துவிட்டு மறந்ததே பெருங்குற்றம் என்பேன். 2024 முதல் ஜப்பானில் ஆண்டுக்கு ஒருவருக்கு 1,000 யென் காட்டுக்கென வரி வாங்குகிறார்கள், அறுபதாண்டு தாமதம்.

அடுத்த முறை மேடையில் இறக்குமதி எண் ஒன்றை யாரேனும் ஓங்கினால், அந்த நாட்டில் அவ்வாண்டு எத்தனை வீடு எழும்பிற்று, தடியாக வந்ததா பலகையாக வந்ததா, அதே ஆண்டில் என்ன வெளியே போயிற்று என்று கேளுங்கள். ஜப்பானைப் பற்றி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. இறக்குமதி குறைந்து சொந்த மரம் வெட்டப்படுகிறதே, வெட்டிய நிலத்தில் மறுபடி நடுகிறார்களா? பத்து ஹெக்டேர் வெட்டினால் மூன்று நான்கு ஹெக்டேரில்தான் நடுகிறார்கள். மிச்ச நிலத்தில் கன்று இல்லை. நடுவதற்குக் கிராமத்தில் ஆளும் இல்லை.